எலும்புக்கு எந்த வெள்ளை? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் என் மேஜைமேல் நிற்கும் எலும்புக்கூட்டுப் படையின் படம் வந்தது. அதைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணகிரியில் பல் செட்டும் பல் கேப்பும் செய்யும் ஒரு லேபில் 22 வருஷமாக வேலை பார்க்கிறேன். என் மகன் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஒரு தீபாவளி லீவுக்கு வந்தவன் ஒரு பெட்டி பொம்மைகளை விட்டுவிட்டுப் போனான். சாம்பல் நிற பிளாஸ்டிக்கில் பத்து எலும்புக்கூடுகள். "நீ தினமும் இதைவிடச் சின்ன பொருளுக்கு வண்ணம் வைக்கிறவதானேம்மா" என்றான். அன்று ராத்திரி ஒன்றை எடுத்தேன். அதற்கப்புறம் இந்த வேலையை விடவே முடியவில்லை.

இது என்னவென்றே தெரியாதவர்களுக்கு: மேஜைமேல் பகடை உருட்டி, கதை சொல்லிக்கொண்டே ஆடும் விளையாட்டுகள் இருக்கின்றன. 1974ல் அமெரிக்காவில் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், 1983ல் இங்கிலாந்தில் வந்த வார்ஹேமர் இரண்டும் அதில் பேர் பெற்றவை. அவற்றுக்கான சிறு பொம்மைகளை மினியேச்சர் என்பார்கள். நாங்கள் சுருக்கமாக மினி என்போம். ஆள் உயரம் 28 முதல் 32 மில்லிமீட்டர், ஏறக்குறைய கட்டைவிரலின் மேல் கணு அளவு. பெரும்பாலும் வண்ணம் இல்லாமல்தான் வரும். தீட்டுவது நம் வேலை. எலும்புக்கூடு, ஜாம்பி, பிணம் தின்னிப் பேய், செத்த பிறகும் மந்திரம் ஓதும் ராஜா என்று இதில் ஒரு தனிக் கூட்டமே உண்டு. ஆங்கிலத்தில் அன்டெட் என்கிறார்கள். செத்தும் சாகாதவர்கள் என்று நான் சொல்வேன். இந்த மாதக் கேள்விகள் எல்லாம் அவர்களைப் பற்றியவைதான்.

அக்கா, நான் தீட்டிய பத்து எலும்புக்கூடும் சாக்பீஸ் மாதிரி இருக்கின்றன. வெள்ளைக்கு மேல் வெள்ளையாக மூன்று கோட் அடித்தும் எடுபடவில்லை. எங்கே தப்பு?
– கல்லூரி மாணவர், ஊத்தங்கரை

அந்த மூன்று கோட் வெள்ளைதான் தப்பு, தம்பி.

எங்கள் லேபில் ஷேடு கைடு என்று ஒன்று இருக்கும். 16 மாதிரிப் பற்களை வரிசையாகச் செருகி வைத்த ஒரு பட்டை. நோயாளியின் வாயருகே அதைப் பிடித்து எந்தப் பல் நிறம் பொருந்துகிறது என்று டாக்டர் பார்த்து எழுதி அனுப்புவார். ஏ, பி, சி, டி என நாலு குடும்பம். ஏ என்றால் செம்பழுப்பு சாயல், பி மஞ்சள் சாயல், சி சாம்பல், டி சாம்பலில் கொஞ்சம் சிவப்பு. அந்த 16ல் ஒன்றுகூடச் சுவர் வெள்ளை கிடையாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பாட்டி, "நல்லா வெள்ளையாப் போட்டுக் குடு கண்ணு" என்று கேட்டு வாங்கிப் போனார். ஒரு வாரத்தில் திரும்பி வந்துவிட்டார். வாயைத் திறந்தால் எல்லாரும் பல்லையே பார்க்கிறார்களாம். வேறு நிறத்தில் புதிதாகச் செய்து கொடுத்தோம். நிறத்தைப் பற்றி நான் படித்த முதல் பாடம் அந்தப் பாட்டிதான்.

எலும்பும் அப்படியே. அதற்குச் சொந்தமாக ஒரே நிறம் என்று கிடையாது. எங்கே கிடந்ததோ அந்த இடத்தின் நிறத்தை வாங்கிக்கொள்ளும். நம் பக்கத்துச் செம்மண்ணில் புதைந்து கிடந்தால் பள்ளங்களில் செம்பழுப்பு ஏறியிருக்கும். ஏரிச் சேற்றில் கிடந்தால் கருஞ்சாம்பல். செம்புக் காசோ வளையலோ பக்கத்தில் கிடந்திருந்தால் எலும்பில் பச்சைக் கறை படியும். மலையடிவாரத்துப் பாறைமேல் ஆட்டு எலும்பு கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள், வெயிலில் வெளுத்துப் போயிருக்கும். தீயில் வெந்த எலும்பு முதலில் கறுக்கும், அப்புறம் நீலம் கலந்த சாம்பலாகும், நன்றாக வெந்துவிட்டால் சுண்ணாம்பு மாதிரி வெளுக்கும். அதனால் உங்கள் படை சுடுகாட்டிலிருந்து எழுந்து வருகிறது என்றால் அந்தச் சாக்பீஸ் நிறத்தை வைத்துக்கொள்ளலாம். புதைகுழியிலிருந்து வருகிறது என்றால் மாற்றத்தான் வேண்டும். தூரிகையை எடுப்பதற்கு முன்னால், "நீ எங்கே கிடந்தாய்?" என்று அந்தப் பொம்மையைக் கேளுங்கள். நான் வாய்விட்டே கேட்பேன்.

செம்மண்ணில் கிடந்த எலும்புக்கு என் வழி இது. பிரைமர், அதாவது எல்லாவற்றுக்கும் முன்னால் அடிக்கும் அடிப்பூச்சு, அடர்பழுப்பு. அது காய்ந்ததும் எல்லோ ஓக்கர் என்ற மண் மஞ்சளில் வெள்ளையும், பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பில் ஒரு துளியும் கலந்து, பழைய கோணிப்பை நிறத்துக்குக் கொண்டுவந்து, உடம்பு முழுக்க மெல்லிசாக இரண்டு கோட். அப்புறம் வாஷ். அதாவது பர்ன்ட் அம்பரோடு கொஞ்சம் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு சேர்த்து, டீ டிகாஷன் அளவுக்கு நீர்க்கக் கரைத்து மேலே விடுவது. அது தானாக ஓடி விலா எலும்பு இடுக்கிலும் கண்குழியிலும் போய்த் தங்கும். மண்டை உச்சியில் தேங்கினால் ஈரத் தூரிகையால் ஒற்றி எடுத்துவிடுங்கள். நன்றாகக் காய விடுங்கள், அவசரப்பட்டால் கீழே உள்ளதும் சேர்ந்து உரிந்து வரும். கடைசியாக டிரை பிரஷ். தந்த நிறத்தைத் தூரிகையில் தொட்டு, துணியில் துடைத்துத் துடைத்து, தூரிகை வெறுமையாகிவிட்டதோ என்று சந்தேகம் வரும்போது எலும்பின் மேடுகளில் லேசாகத் தடவுங்கள். வெள்ளை வேண்டுமென்றால் இப்போதுதான். புருவ மேடு, கன்ன எலும்பு, முழங்கை முட்டி, மூன்று நாலு இடத்தில் ஊசிமுனை அளவு வையுங்கள், போதும்.

இன்னொன்று. பத்துக்கும் ஒரே நிறம் வேண்டாம். ஒரே குழியில் கிடந்தவர்கள் என்றாலும் மேலே கிடந்தவனும் அடியில் கிடந்தவனும் ஒரே மாதிரி ஊறியிருக்க மாட்டார்கள். வாஷ் கலவையில் இரண்டிரண்டு பொம்மைக்கு ஒருமுறை ஒரு துளி மாற்றினாலே வித்தியாசம் தெரியும்.

வெளிநாட்டுப் பெயின்ட் ஒரு சின்ன டப்பாவே கையைக் கடிக்கிறது. இங்கே ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் கேமல், ஃபெவிக்ரில் அக்ரிலிக்கை வைத்துச் செய்ய முடியாதா?
– பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகர்

முடியும். என் முதல் முப்பது பொம்மையும் அதில்தான் செய்தேன். அந்தப் பெயின்ட் கொஞ்சம் கெட்டி. டப்பாவிலிருந்து எடுத்து அப்படியே பூசினால் பல்லும் விரலும் மொழுக்கென்று மூடிப்போய்விடும். பால் பதத்துக்குத் தண்ணீர் விட்டு இரண்டு மூன்று மெல்லிய கோட்டாக அடியுங்கள். வெள்ளையும் மஞ்சளும் சீக்கிரம் மூடாது, பொறுமை வேண்டும். பழுப்பு வகைகள் அருமையாக வரும். செத்தவர்களுக்குப் பழுப்புதானே அதிகம் வேண்டும், அதனால் உங்களுக்குக் கவலை இல்லை. உலோக நிறம் மட்டும் மினிக்கென்றே விற்கிற நல்லதாக ஒரு டப்பா வாங்கிக்கொள்ளுங்கள். சாதாரண வெள்ளியில் மினுக்குத்தூள் பெரிது பெரிதாகத் தெரியும், இத்தனை சின்ன வாளில் அது உறுத்தும்.

பிரைமர் இல்லாமல் மட்டும் அடிக்காதீர்கள். முதலில் சோப்புத் தண்ணீரில் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிக் காய வையுங்கள். அச்சிலிருந்து பொம்மை சுலபமாகக் கழன்று வரப் பூசிய எண்ணெய்ப் பசை அதன்மேல் இருக்கும், அது இருந்தால் பெயின்ட் ஒட்டாது. ஹார்டுவேர் கடை ஸ்ப்ரே பிரைமரை ஒரு உதிரித் துண்டில் அடித்துப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். சில வகை மென்மையான பிளாஸ்டிக்கில் அது காயாமல் பிசுபிசுவென்றே நின்றுவிடும். ஒரு ஜாண் தூரத்தில் வைத்து, கையை நிறுத்தாமல் அடிக்க வேண்டும். சித்திரை வெயிலில் நடுப்பகலில் அடித்தால் பெயின்ட் காற்றிலேயே காய்ந்து பொம்மைமேல் மணல்மணலாக உட்காரும். விடியற்காலையில் மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள்.

நம் ஊர் வெயிலில் தட்டில் எடுத்த பெயின்ட்டும் நிமிஷத்தில் காய்ந்துவிடும். ஒரு டிபன் பாக்ஸில் ஈர ஸ்பாஞ்சை வைத்து, அதன்மேல் பேக்கரியில் கேக்குக்கு அடியில் போடும் பட்டர் பேப்பரை விரித்து, அதில் பெயின்ட் கலக்குங்கள். மூடி வைத்தால் மறுநாளும் ஈரம் இருக்கும்.

ஜாம்பியின் பல்லும் கண்ணும் வைக்கும்போது கை நடுங்கிக் கெட்டுப்போகிறது. சின்னப் பிரஷ் எது வாங்குவது?
– தேன்கனிக்கோட்டை

சின்னப் பிரஷ் வாங்கியதுதான் பிரச்சினையாக இருக்கும். மூன்று முடி உள்ள பிரஷ்ஷில் பெயின்ட் நிற்காது, பொம்மைக்குக் கொண்டுபோவதற்குள் காய்ந்துவிடும். லேபில் பீங்கான் பல்லுக்கு நாங்கள் பயன்படுத்துவது கொலின்ஸ்கி சேபிள், அதாவது ஒரு சிறு விலங்கின் முடியில் செய்த தூரிகை. வயிறு தடிமனாக இருக்கும், நுனி ஊசியாக இருக்கும். மினிக்கும் அதே 1ஆம் நம்பர் போதும். அளவைப் பார்க்காதீர்கள், நுனியைப் பாருங்கள். நடுக்கத்துக்கு, இரண்டு மணிக்கட்டையும் ஒன்றோடொன்று முட்டுக்கொடுத்து, முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொள்ளுங்கள். மூச்சை விட்டுவிட்டு, அடுத்த மூச்சு இழுப்பதற்குள் புள்ளி வையுங்கள். நுனியைக் கூர்மையாக்க நாக்கில் வைக்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. வேண்டாம், ஈரத் துணியில் உருட்டுங்கள்.

பல்லைப் பற்றிச் சொல்லாமல் விடமாட்டேன். ஒவ்வொரு பல்லுக்கும் நடுவே கறுப்புக் கோடு போடுகிறார்கள், அது கம்பி கேட் மாதிரி ஆகிவிடும். வாய் முழுக்க அடர்பழுப்பு கொடுத்துவிட்டு, பல் வரிசையை மங்கிய மஞ்சளில் ஒரே இழுப்பாக இழுத்து, ஒவ்வொரு பல்லின் நடுவிலும் கொஞ்சம் வெளிறிய புள்ளி வையுங்கள். இடைவெளி தானாகத் தெரியும். நிஜப் பல் ஈறுப் பக்கம் அடர்த்தியாகவும் நுனிப் பக்கம் கண்ணாடி மாதிரியும் இருக்கும். ஈறு சுருங்கி வேர் தெரிகிற இடம் இன்னும் மஞ்சள். ஜாம்பிக்கு ஈறு அழுகியிருக்குமே, அதனால் அந்த வேர் மஞ்சளை ஒரு கோடு கீழே இறக்கினால் பார்ப்பவர்களுக்குத் தானாகவே முகம் சுளிக்கும். இரண்டு பல்லைக் காணாமல் விடுங்கள். அதுவும் முன்பல்லை வேண்டாம், ஓரத்தில்.

கண் வேண்டவே வேண்டாம் என்பேன். ஜாம்பிக்குக் கண்குழியில் ஊதா வாஷ், நடுவில் பால் வெள்ளையாக ஒரு புள்ளி, கண்பாப்பா வைக்காதீர்கள். முற்றிய புரை விழுந்த கண்ணை வீட்டுப் பெரியவர்களிடம் பார்த்திருப்பீர்களே, அந்தப் பார்வை வந்துவிடும்.

மேடம், எட்டாவது படிக்கும் என் பையன் அவன் மாமா வாங்கிக் கொடுத்த எலும்புக்கூடு பொம்மைகளுக்குப் பெயின்ட் அடிக்கிறான். வீட்டில் மண்டை ஓடு வைப்பது ஆகாது என்று மாமியார் தினமும் சண்டை. எனக்கும் மனசு ஒருமாதிரி இருக்கிறது. நிறுத்தச் சொல்லட்டுமா?
– ஒரு தாய், தருமபுரி

உங்கள் மாமியார் சொல்வதை நான் தள்ளிவிடமாட்டேன் சகோதரி. மண்டை ஓட்டைப் பார்த்தால் மனசு ஒருமாதிரி ஆவது நல்ல மனசுக்கு அடையாளம். ஆனால் நம் பக்கத்தில் செத்தவர்களை ஒளித்துவைத்த வழக்கம் கிடையாது என்பதையும் அவரிடம் ஞாபகப்படுத்துங்கள். மகா சிவராத்திரிக்கு மறுநாள் மயானக் கொள்ளைக்கு அவரே போயிருப்பார். நான் காவேரிப்பட்டினத்தில் பாவாடை சட்டை வயசில் அப்பாவின் தோள்மேல் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். காளி வேஷக்காரர் முகத்தில் அடித்திருந்த நீலமும், நாக்கின் சிவப்பும் இன்னும் கண்ணில் நிற்கின்றன. சிவன் கோயிலில் அறுபத்து மூவர் வரிசையில் விலா எலும்பு தெரிய உட்கார்ந்திருக்கும் காரைக்கால் அம்மையாருக்கு அவர் கையாலேயே பூ வைத்திருப்பார். அம்மையார் தாமாகக் கேட்டு வாங்கியது பேய் உருவம். உங்கள் ஊர் அருங்காட்சியகத்தில் நடுகற்கள் வரிசையாக நிற்கின்றன. மாடு மீட்கப் போய்ச் செத்தவனைக் கையில் வில்லோடு கல்லில் நிற்க வைத்து நம் ஆட்கள் கும்பிட்டிருக்கிறார்கள். எங்கள் பக்கம் மல்லசந்திரம் மலைமேல் போனால் செத்தவர்களுக்காகக் கட்டிய கல்திட்டைகள் வீடு வீடாக நிற்கும். அங்கே பிள்ளைகள் ஓடி விளையாடுவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது தப்பாகப் படவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், எழுத வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். என் அப்பா இறந்தபோது அஸ்தியை ஒகேனக்கலில் கரைத்தோம். துணியை அவிழ்த்ததும் என் தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் பார்த்தேன். ஒரு துண்டு சுண்ணாம்பு வெள்ளை, ஒரு துண்டு புறாக் கழுத்து நீலச் சாம்பல், ஒன்றின் ஓரத்தில் மட்டும் கறுப்பு. நான் மேலே எழுதிய வெந்த எலும்பின் நிறம் எந்தப் பாடத்திலும் படித்ததல்ல. மூன்று மாதம் தூரிகையைத் தொடவில்லை. அப்புறம் ஒருநாள் எடுத்து, ஒரே ஒரு எலும்புக்கூட்டுக்கு அந்த மூன்று நிறத்தையும் அப்படியே வைத்தேன். நாலு ராத்திரி ஆனது. அதை இதுவரை மேஜையில் ஆட எடுத்ததில்லை, என் மேஜை டிராயரில் இருக்கிறது. அதைச் செய்து முடித்த பிறகுதான் அப்பாவைப் பற்றி அம்மாவிடம் அழாமல் பேச முடிந்தது.

அதனால் நிறுத்தச் சொல்லாதீர்கள். பூஜை அறைப் பக்கம் வைக்க வேண்டாம், அமாவாசை, செவ்வாய், வெள்ளியில் வெளியே எடுக்க வேண்டாம் என்று பையனிடம் சொல்லுங்கள். பாட்டிக்காக அவன் கேட்டுக்கொள்வான். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "பாட்டி, நீ பார்த்த பேய்க்குச் சேலை என்ன நிறம்?" என்று அவனைக் கேட்கச் சொல்லுங்கள். நம் பக்கத்துப் பாட்டிகளில் புளியமரத்துக் கதை இல்லாதவர் யாரும் கிடையாது. அவர் சொல்கிற நிறத்தில் ஒரு பொம்மை தீட்டட்டும். எம்-சீல் பிசைந்து சின்னதாக ஒரு முந்தானை உருட்டி ஒட்டினால் வெளிநாட்டுப் பேய் நம்மூர்ப் பேயாகிவிடும். தண்ணீர் தொட்ட பல்குத்தும் குச்சியால் மடிப்பு எடுங்கள், இறுகுவதற்குள் செய்ய வேண்டும்.

எலும்புக்கூடு பிடித்திருக்கும் வாளுக்குத் துரு எப்படி வைப்பது? ஆரஞ்சு அடித்தால் காரட் மாதிரி இருக்கிறது.
– பர்கூர்

துருவைப் பற்றிக் கேட்க உங்கள் ஊருக்குத்தான் உரிமை. பர்கூர் பக்கம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022ல் அறிவித்தார்களே, 4000 வருஷத்துக்கும் மேல். உங்கள் எலும்புக்கூட்டின் வாளுக்கு அதற்குள் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

துருவில் ஆரஞ்சு மிகக் குறைவு. வீட்டில் பழைய அரிவாள்மணை, கிணற்றுச் சகடை, எருக்குழியில் கிடக்கும் மண்வெட்டி, எதையாவது எடுத்து ஐந்து நிமிஷம் பாருங்கள். பழைய துரு கருஞ்சாக்லேட் நிறம். ஆரஞ்சு புதுத் துருவுக்கு மட்டும், அதுவும் தண்ணீர் தங்குகிற இடத்தில்: பிடிக்குப் பக்கத்து மூலை, ஆணி தலை, வெட்டுக்காயப் பள்ளம். அதனால் வாளுக்கு முதலில் கறுப்பு கலந்த பழுப்பு முழுதாக அடியுங்கள். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்து, பர்ன்ட் சியன்னாவில் தொட்டு, காகிதத்தில் ஒற்றிவிட்டு வாள்மேல் ஒற்றுங்கள். தூரிகையால் இந்தச் சொரசொரப்பு வராது. அதற்குமேல் சியன்னாவில் ஆரஞ்சு கலந்து, இன்னும் குறைவாக. கடைசியில் நான் சொன்ன அந்த மூலைகளில் மட்டும் ஆரஞ்சு நீரை ஒரு சொட்டு. வாள் விளிம்பில் வெள்ளிக் கோடு போடுவதாக இருந்தால் விட்டுவிட்டுப் போடுங்கள். நேற்றுதான் எழுந்து வந்து ஒருவனை வெட்டியிருக்கிறான், அந்த இடம் மட்டும் மின்னட்டும்.

துரு வழிந்து பிடித்திருக்கும் கை எலும்பிலும் இறங்கியிருக்கும். அந்த விரல்களில் ஒரு தடவை சியன்னா வாஷ் கொடுத்தால் வாளும் கையும் ஒன்றாகப் புதைந்து கிடந்தவை என்று தெரியும். நிறையப் பேர் இதை மறந்துவிடுகிறார்கள்.

காலடி வட்டுக்கும் நம் மண்ணே போதும். செம்மண்ணைச் சலித்து, வாணலியில் வறுத்து ஆற வைத்து, ஃபெவிகால் தடவிய வட்டுமேல் தூவுங்கள். காய்ந்த டீத்தூள் சக்கை உதிர்ந்த இலைச் சருகு மாதிரியே இருக்கும்.

வார்னிஷ் ஸ்ப்ரே அடித்ததும் பொம்மை முழுக்கப் பனி பெய்த மாதிரி வெளுத்துவிட்டது. ஆறு வாரம் உழைத்தேன்.
– அரூர்

உங்கள் வருத்தம் எனக்குத் தெரியும். ஒரு ஐப்பசி மாதம், மழை விட்ட சாயங்காலத்தில் மாடியில் நின்று அடித்து, என் பன்னிரண்டு வீரர்களை இப்படித்தான் வெளுக்க வைத்தேன். காற்றில் ஈரம் இருக்கும்போது ஸ்ப்ரே வார்னிஷ் இப்படிப் பூத்துவிடும். கனமாக அடித்தாலும் ஆகும்.

அழித்துவிடாதீர்கள், பெரும்பாலும் மீட்கலாம். தூரிகையால் பூசும் பளபளப்பு வார்னிஷ்ஷை மெல்லிசாக ஒரு கோட் கொடுங்கள், உள்ளே இருக்கும் நிறம் பெரும்பாலும் திரும்பித் தெரியும். நன்றாகக் காய்ந்த பிறகு மேட் வார்னிஷ், அதையும் தூரிகையாலேயே. என் பன்னிரண்டில் பத்து தேறியது. மீதி இரண்டுக்கு அந்த வெளுப்பு அழகாகவே இருந்தது, மார்கழிப் பனியில் எழுந்து வந்தவர்கள் என்று வைத்துக்கொண்டேன். இனி மழை மாதத்தில் ஸ்ப்ரே டப்பாவைத் தொடாதீர்கள்.

நண்பரிடம் ரெசின் 3டி பிரின்டர் இருக்கிறது. பேய்ப் படை முழுதும் அடித்துத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?
– ஓசூரிலிருந்து ஒரு பொறியாளர்

தாராளமாக. நுணுக்கம் நன்றாக வரும். ஆனால் முழுதாக இறுகாத ரெசினை, அதாவது அந்தப் பிரின்டர் பொம்மை செய்யும் பிசின் திரவத்தை, வெறும் கையால் தொடாதீர்கள். பல் செட் செய்யும் அக்ரிலிக் திரவத்தைக் கையுறை இல்லாமல் பிசைந்து பிசைந்து, ஐந்தே வருஷத்தில் என் இரண்டு ஆள்காட்டி விரலும் வெடித்து, சாம்பார் சாதம் பிசைய முடியாமல் ஸ்பூனில் சாப்பிட்ட காலம் எனக்கு உண்டு. அலர்ஜி ஒருமுறை வந்துவிட்டால் அப்புறம் கொஞ்சம் பட்டாலே திரும்பி வரும். நைட்ரைல் கையுறை போடுங்கள். கழுவி, புற ஊதா வெளிச்சத்தில் முழுதாக இறுக வைத்துத்தான் தர வேண்டும் என்று நண்பரிடம் சொல்லுங்கள். பிசிறு தேய்க்கும்போது தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள், தூள் பறக்காது. முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள்.

நாற்பது எலும்புக்கூடு இருக்கிறது. கோடை லீவு முடிவதற்குள் முடியுமா?
– போச்சம்பள்ளி

முடியும். எட்டு எட்டாகப் பிரித்து, எட்டுக்கும் ஒரு நிறம் முடித்துவிட்டு அடுத்த நிறத்துக்குப் போங்கள். முதலாவது காய்வதற்குள் எட்டாவது வந்துவிடும். முன்வரிசையில் நிற்கும் ஐந்து பேருக்கும் கொடி பிடிப்பவனுக்கும் மட்டும் மெனக்கெடுங்கள். மற்றவர்களுக்குப் பிரைமர், ஒரு நிறம், வாஷ், டிரை பிரஷ், மண். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்குக் கூட்டமாகத்தான் தெரியும். ஆனால் எட்டு முடித்ததும் ஒருநாள் ஓய்வு எடுங்கள். நான் ஒரே வாரத்தில் முப்பது செய்து, அதற்குப் பிறகு ஒரு மாதம் அந்தப் பெட்டியையே திறக்கவில்லை.

ஆன்ட்டி, என் எலும்புக்கூட்டுக்கு வலது கை உடைந்துவிட்டது. ஃபெவிக்விக் போட்டு ஒட்டினேன். மறுபடி உடைந்து இப்போது கையையே காணவில்லை. அண்ணன் தூக்கிப் போடச் சொல்கிறான்.
– ஐந்தாம் வகுப்பு, காரிமங்கலம்

தூக்கிப் போடாதே பாப்பா. முதலில் கட்டிலுக்கு அடியில் பார். கை கிடைத்தால் அண்ணனையோ அப்பாவையோ கூப்பிடு, இதை நீ தனியாகச் செய்யக் கூடாது. தோளிலும் கையிலும் மெல்லிய ஊசித் துளை போட்டு, பேப்பர் கிளிப் கம்பியில் ஒரு நெல் நீளம் வெட்டி, இரண்டுக்கும் நடுவில் செருகி, அப்புறம் ஃபெவிக்விக் ஒரு துளி வைக்கச் சொல். வெறும் பசை இழுத்தால் விட்டுவிடும், கம்பி இருந்தால் விடாது.

கை கிடைக்கவில்லையா, அதற்கும் வழி இருக்கிறது. எலும்புக்குள்ளே பார்த்திருக்கிறாயா? வெளியே கெட்டியாக இருக்கும், உள்ளே ஸ்பாஞ்ச் மாதிரி துளைத்துளையாக இருக்கும். உடைந்த தோள் முனையில் முதலில் அடர்பழுப்பு வை. அது காய்ந்ததும் சுற்றி ஓரத்தில் மட்டும் வெளிறிய மஞ்சளில் ஒரு மெல்லிய வளையம். நடுவில் குண்டூசி முனையால் கறுப்பாக மூன்று நாலு புள்ளி. சண்டையில் போன கை என்று யார் பார்த்தாலும் நம்புவார்கள். இடது கையில் கேடயம் இருக்கிறதல்லவா? அது போதும், அவனை முன்வரிசையில் நிறுத்து. முடித்ததும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு.